எக்ஸ்காமில் வீரர்களைப் பறிகொடுக்க வைக்கும் தவறுகள்

"தொண்ணூறு பர்சென்ட் காட்டுச்சுலே, பக்கத்துல நின்னு சுட்டும் மிஸ் ஆயிட்டு, சவத்த அப்பமே அழிச்சிட்டேன்." பாளையங்கோட்டை ஆனாலும் அம்பாசமுத்திரம் ஆனாலும், எக்ஸ்காம் எனிமி அன்னோன் கேமைப் பாதியில் விட்ட யாரைக் கேட்டாலும் இதே புலம்பல்தான். கேம் ஏமாற்றவில்லை. 90% என்றால் பத்துக்கு ஒன்று தவறத்தான் செய்யும், ஒரு மிஷனில் எத்தனை குண்டு சுடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும். அந்த ஒன்று தவறினால் அடுத்து என்ன என்ற யோசனையே இல்லாமல் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்போம், உயிர் போவது அங்கேதான்.

கேம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1994-ல் வந்த பழைய கேமை ஃபிராக்சிஸ் நிறுவனம் 2012-ல் புதிதாகச் செய்து வெளியிட்டது. பூமிக்கு வரும் ஏலியன்களைச் சின்னப் படையை வைத்து, நம் முறை, அவைகளின் முறை என்று டர்ன் டர்னாக விரட்ட வேண்டும், இன்னொரு பக்கம் தரைக்கு அடியில் தளம் கட்டி, ஆராய்ச்சி நடத்தி, 16 நாடுகளின் பீதியையும் அடக்க வேண்டும். அதில் 8 நாடு கைவிட்டுப் போனால் ஆட்டம் முடிந்தது.

முதல் தவறு, பெரிய தவறு, என் கணக்கில் பாதிச் சாவுக்குக் காரணமான தவறு: டர்னின் கடைசி ஆளைத் தெரியாத இடத்துக்கு ஓடவிடுவது. ஏலியன்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். நம் ஆள் கண்ணில் பட்டவுடன் நம் டர்னிலேயே அவைகளுக்கு ஒரு இலவச ஓட்டம் உண்டு, சிதறி ஓடி மறைவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். முதல் ஆளை நகர்த்தும்போதே கூட்டம் வெளிப்பட்டால் மீதி எல்லாருடைய துப்பாக்கியும் கையில் இருக்கிறது, நாம்தான் முதலில் அடிக்கிறோம். கடைசி ஆளை நகர்த்தும்போது வெளிப்பட்டால் நம்மிடம் ஒன்றுமே மிச்சம் இல்லை, அவைகளின் டர்ன் வந்துவிடும், ஓடிப்போன அந்த ஆளை ஆளுக்கொரு குண்டு போடும். கபடியில் பாடிப் போகிறவன் மூச்சு முடியப்போகிற நேரத்தில் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுவானா? அதே கதைதான்.

அதனால், டர்னில் முதலில் நகர்கிறவன் மட்டும் முன்னால் போகட்டும், அவனும் மஞ்சள் கோடு வரைக்கும் பாயாமல் (அங்கே போனால் அந்த டர்னில் சுட முடியாது) நீலக் கோட்டுக்குள் நின்று சுற்றிப் பார்க்கட்டும். மற்றவர்கள் அவன் பார்த்துவிட்ட தரையில் மட்டும் கால் வைக்கட்டும். சண்டை நடுவில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு ஏலியன் பக்கவாட்டில் ஏமாந்து நிற்கும், இரண்டு கட்டம் தள்ளிப் போனால் அதற்கு மறைவே இருக்காது, ஆசை பிடித்து இழுக்கும். ஆனால் அந்த இரண்டு கட்டம் வரைபடத்தின் இருட்டுப் பக்கமாக இருந்தால் இன்னொரு கூட்டம் முழித்துக்கொள்ளும். சுற்றி வளைக்க வேண்டும் என்றால் ஏற்கெனவே கடந்து வந்த பக்கமாகப் போங்கள்.

மறைவு விஷயம் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் இதில்தான் அசட்டை. பாதி உயர மறைவு, அதாவது பாதிக் கேடயம், எதிரியின் குறியில் 20 குறைக்கும், ஆளை முழுக்க மறைக்கும் முழுக் கேடயம் 40. இரட்டிப்பு வித்தியாசம். சுடுவதற்கு நல்ல இடம் என்று பாதிக் கேடயத்தில் போய் நிற்பதைவிட, இந்த டர்ன் சுடாமலே போனாலும் முழுக் கேடயத்தில் நிற்பது பல நேரம் லாபம். பக்கவாட்டில் அகப்பட்டுவிட்டால் அந்தக் கேடயம் இருந்தும் இல்லாத மாதிரிதான், அதோடு பெரிய காயம் விழும் வாய்ப்பும் 50% கூடிவிடும். எந்த வழியும் இல்லாவிட்டால் பதுங்கச் சொல்லுங்கள், கேடயத்தின் பலன் இரண்டு மடங்காகும். அப்புறம், கார். தீப்பிடித்த காருக்குப் பின்னால் ஆளை விட்டுவிட்டு அடுத்த டர்னுக்குப் போகாதீர்கள், வெடித்துவிடும்.

எல்லாரையும் ஓவர்வாட்சில், அதாவது எதிரி நகர்ந்தால் தானாகச் சுடும் காவலில், போட்டுவிட்டு ஏலியன் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதும் ஒரு பழக்கம். முன்னேறும்போது சரிதான். ஆனால் எதிரி கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது அது வீண், ஏனென்றால் ஓவர்வாட்சில் சுடும் குண்டுக்குக் குறி குறையும், தனித் திறமை எடுத்தவனைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிய காயமும் விழாது. 65% குண்டு மூன்றும் படும் என்று நம்பி ஒரு திட்டம் போடுகிறீர்களா, அது அப்படியே நடக்கிற வாய்ப்பு சுமார் 27% தான். அந்த இடத்தில்தான் கிரனேட் வேண்டும். அது தவறாது, மறைவையும் தகர்க்கும், 3 காயம் நிச்சயம், நார்மல் கடினத்தில் ஆரம்பத்தில் வரும் செக்டாய்டு என்ற சின்ன ஏலியனுக்கு அது போதும். இன்னொரு பக்கம், எதற்கெடுத்தாலும் வெடி வைத்துக் கொல்கிறவர்களும் உண்டு. வெடியில் செத்த ஏலியனின் ஆயுதத் துண்டுகள் நமக்குக் கிடைக்காது, ஆராய்ச்சி பின்தங்கும். உயிர் போகும் நிலை என்றால் யோசிக்கவே வேண்டாம், எறியுங்கள். மற்ற நேரத்தில் துப்பாக்கி. ஏலியனை மயக்கிப் பிடிக்கும் ஆர்க் த்ரோவர் கைக்கு வந்ததும் அடிபட்டுக் கிடக்கும் ஏலியனை உயிரோடு பிடித்தால் அதன் துப்பாக்கி முழுசாகவே கிடைக்கும், இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை.

ஏலியன்கள் ஊருக்குள் புகுந்து மக்களைக் கொல்லும் டெரர் மிஷனில் கிரிசாலிட் என்ற ஏலியன் வந்தால் மறைவை நம்பாதீர்கள். அது ஓடி வந்து கையால் குத்துகிற ஜாதி, சுவர் இருந்தால் என்ன, லாரி இருந்தால் என்ன. அது கொன்ற மனிதன் ஜாம்பியாக எழுவான், விட்டுவைத்தால் அந்த ஜாம்பியிலிருந்து இன்னொரு கிரிசாலிட் வெளியே வரும். இங்கே மட்டும் பின்வாங்குவதில் வெட்கமே இல்லை: வெட்டவெளி நடுவில் இருக்க, நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் ஒட்டாமல் தள்ளி நின்று, அது ஓடி வரும் தூரம் முழுக்கச் சுட வேண்டும்.

இனி உலக வரைபடம். மிஷன் ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள், ஆனால் நாலாவது மாதத்தில் ஆட்டம் கையைவிட்டுப் போகும். காரணம் அநேகமாக சாட்டிலைட்தான். ஒரு சாட்டிலைட் செய்ய 20 நாள் ஆகும், மாதக் கடைசியில் நாடுகளின் கவுன்சில் கூட்டம் நடந்த பிறகு பதறி ஆர்டர் போட்டுப் பயனில்லை. மாதம் பிறந்ததுமே போட்டுவிட வேண்டும், அது பறக்க, தளத்தில் அதைக் கட்டுப்படுத்தும் அப்லிங்க் நிலையத்தில் இடம் வேண்டும், அப்லிங்குக்கு எஞ்சினியர்கள் வேண்டும். ஏலியன்கள் மக்களைக் கடத்துவதைத் தடுக்கும் கடத்தல் மிஷனில் எஞ்சினியர் பரிசாகக் கிடைக்கும் என்றால், ஆரம்ப மாதங்களில் பணத்தை விட்டுவிட்டு அதை எடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம்ம ஊர்ப் பயல்களிடம் நிறையப் பார்த்தது. முதல் சாட்டிலைட்டை இந்தியாவின் மேல்தான் பறக்கவிடுவார்கள். பாசம் புரிகிறது. ஆனால் அந்த நேரம் இந்தியாவில் பீதி இரண்டு கட்டமும் நைஜீரியாவில் ஐந்து கட்டமும் இருந்தால், நைஜீரியா போய்விடும். சாட்டிலைட் விட்டவுடன் அந்த நாட்டின் பீதி 2 குறையும் என்பதால், மாதக் கடைசி நாட்கள் வரை கையில் வைத்திருந்து, சிவப்பாகிவிட்ட நாட்டின் மேல் விடுவதுதான் புத்திசாலித்தனம். கடத்தல் மிஷனில் மூன்றில் ஒரு நாட்டுக்குத்தான் போக முடியும், கைவிட்ட இரண்டிலும் பீதி ஏறும், எனவே பரிசைப் பார்க்கும் முன்னால் அந்தக் கண்டத்தின் நிலைமையைப் பார்ப்பது நல்லது. ஏலியன் தளத்தைத் தாக்குவதற்குக் கெடு எதுவும் இல்லை. ஜெயித்தால் உலகம் முழுக்கப் பீதி இறங்கும். ஆகவே அதை நாடுகள் கொதிக்கும் மாதத்துக்கு என்று மிச்சம் வைக்கலாம்.

படை விஷயத்தில், சுடலைமுத்து, இசக்கி, பேச்சியம்மாள் என்று ஊர்ப்பெயர் வைத்து நாலு பேரை மட்டுமே வளர்ப்பது ஆசையாகத்தான் இருக்கும். அதில் இரண்டு பேர் காயம்பட்டு மருத்துவப் பிரிவில் படுத்திருக்கும்போது டெரர் மிஷன் வந்தால், அன்றைக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாத ரூக்கிகளோடு போக வேண்டியிருக்கும். சின்ன மிஷன்களில் ஒவ்வொரு புதியவராகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஆபீசர் டிரெயினிங் ஸ்கூலைச் சீக்கிரம் கட்டி ஐந்தாவது ஆளுக்கு இடம் வாங்குங்கள், நல்ல துப்பாக்கியைவிட ஒரு ஆள் கூடுவது பெரிது.

சேவ் பண்ணி வைத்துத் திரும்பத் திரும்ப லோட் பண்ணுகிறவர்களுக்கு: அதே ஆள், அதே இடம், அதே குண்டு என்றால் அதே மிஸ்தான் வரும், கேம் அப்படித்தான் வைத்திருக்கிறது. வேறு வழி யோசிப்பதற்காக லோட் பண்ணினால்தான் பிரயோஜனம். திரும்ப லோட் பண்ண முடியாத அயர்ன்மேன் முறையில் ஆடுகிறவர்கள் ஒரே ஒரு சேவ் ஃபைலை நம்பி இருக்கிறீர்கள், அது தானாகவே மேலே மேலே எழுதிக்கொண்டே இருக்கும். ஆனி, ஆடியில் தென்காசி, கடையம் பக்கம் காற்று அடிக்கிற அடியில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, எழுதும் நேரத்தில் போனால் ஃபைலே கெட்டுப்போகலாம். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யூபிஎஸ் இல்லாமல் அயர்ன்மேனைத் தொடவே வேண்டாம்.

2016-ல் வந்த எக்ஸ்காம் 2-க்குப் போகிறவர்கள் மேலே சொன்ன மெதுநடையை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அங்கே நிறைய மிஷனுக்கு டர்ன் கெடு உண்டு, ஊர்ந்து போனால் நேரம் முடிந்துவிடும். அதற்கு ஈடாக, பல மிஷன்கள் தொடங்கும்போது எதிரிக்கு நம்மைத் தெரியாது. முதல் ஏலியனைப் பார்த்ததும் சுட்டுவிடாமல், நம் ஆட்களை ஓவர்வாட்சில் சுற்றி நிறுத்திவிட்டு, ஒருவனை மட்டும் முதல் குண்டு போடச் சொல்லுங்கள், சிதறி ஓடும்போதே பாதிக் கூட்டம் விழுந்துவிடும்.