டப் பாட்டை இரண்டு பேராகச் செய்வது எப்படி

டப் என்பது ஏற்கெனவே பதிந்த ரெக்கே பாட்டில் குரலையும் வாத்தியங்களையும் அங்கங்கே வெட்டி, எக்கோ சேர்த்து மறுபடி மிக்ஸ் செய்வது. ஒரே ஆள் டிரம்ஸ் போட்டு, பேஸ் வாசித்து, அதையே மிக்ஸும் செய்தால் பெரும்பாலும் எதையும் வெட்ட மனசு வராது. டப்பில் பாதி வேலை வெட்டுவதுதான். அதனால் ரிதிம், அதாவது பாட்டின் வாத்தியப் பகுதி, கட்டுபவர் ஒருவர், மிக்ஸ் செய்பவர் இன்னொருவர் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

1970-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இப்படித்தான் நடந்தது. பன்னி லீ, அகஸ்டஸ் பாப்லோ போன்ற தயாரிப்பாளர்கள் வேறு ஸ்டுடியோவில் பதிந்த டேப்பை எடுத்துக்கொண்டு வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த கிங் டப்பியிடம் போவார்கள். அவர் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கத் தெரிந்த ஆள். வீட்டிலேயே இருந்த அவருடைய சின்ன ஸ்டுடியோவில் ஒரு முழு இசைக்குழு உட்கார்ந்து வாசிக்க இடம் கிடையாது, ஆனால் நான்கு ட்ராக் மிக்ஸரை அவர் ஒரு வாத்தியம் மாதிரியே வாசித்தார்.

சரி, ரிதிம் கட்டுபவரின் வேலையிலிருந்து தொடங்கலாம். வேகம் 75 பிபிஎம் (நிமிடத்துக்கு 75 அடி) வையுங்கள். ரெக்கேயின் ஒன் டிராப் தாளம் என்றால், நான்கு அடியில் கிக் டிரம்மும் ஸ்னேர் டிரம்மும் மூன்றாவது அடியில் சேர்ந்து விழ வேண்டும், முதல் அடியில் கிக் வேண்டாம். பேஸ் வரி வாயால் முணுமுணுக்க வருகிற அளவு எளிமையாக இருக்கட்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் போன பிறகும் பாட்டைத் தாங்கி நிற்கப்போவது அதுதான். கிட்டாரோ ஆர்கனோ இரண்டாவது, நான்காவது அடியில் வெட்டி வெட்டி வரட்டும்.

அப்புறம் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக, எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கும்படி அனுப்புங்கள். ரிவெர்ப் (அறை முழக்கம்), எக்கோ எதுவும் போடாமல் அனுப்புவது ரொம்ப முக்கியம், ஏற்கெனவே எக்கோவில் நனைந்து வந்த ஸ்னேரை வைத்துக்கொண்டு மிக்ஸ் செய்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கே எதை வெட்ட வேண்டும் என்று குறிப்பு எழுதி அனுப்பவும் வேண்டாம், கை அரித்தாலும்.

மிக்ஸ் செய்பவர் எக்கோவை ட்ராக்கின் மேலேயே போடாமல் தனி சேனலில் வைத்து, செண்ட் (ட்ராக்கின் ஒலியை வேண்டிய அளவு பிரித்து அனுப்பும் குமிழ்) வழியாக ஊட்ட வேண்டும். 75 பிபிஎம்மில் ஒரு அடி 800 மில்லிசெகண்ட், அதனால் எக்கோவை 600 மில்லிசெகண்டில் வைத்தால் தாளத்துக்கு நடுவே அழகாக உருளும். ஃபீட்பேக்கை, அதாவது எக்கோ திரும்பத் திரும்ப வரும் அளவை, கையில் பிடித்தபடியே இருங்கள், கொஞ்சம் கூடினாலும் அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எக்கோ சேனலில் தாழ்ந்த ஒலிகளை நீக்கும் ஒரு ஹை பாஸ் ஃபில்டரும் போடுங்கள், இல்லாவிட்டால் பேஸ் சேறாகிவிடும். இப்போது பாட்டை ஓடவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கையாலேயே தள்ளி மிக்ஸ் செய்யுங்கள். ஐந்தாறு தடவை செய்து எல்லாவற்றையும் பதிந்து வையுங்கள். மவுஸால் ஒவ்வொரு இடமாகத் திருத்தி எடுக்கிற மிக்ஸில் அந்தத் தடுமாற்றமும் உயிரும் வருவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

ரிதிம் கட்டியவரே, திரும்பி வந்த மிக்ஸைக் கேட்டு நீங்கள் ஆசையாக வாசித்த மெலோடிகா (ஊதி வாசிக்கும் கீபோர்டு) எட்டு பார் (தாளச் சுற்று) காணாமல் போயிருந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், ஒரு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். 1995-இல் டப் தயாரிப்பாளர் மேட் புரொஃபசர், மாசிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ஒரு முழு ஆல்பத்தையே டப்பாக மாற்றினார், அதில் பல இடங்களில் பாடகரின் குரலே சில சொற்களாகச் சுருங்கிவிடும். அந்தச் சில சொற்கள்தான் மனதில் நிற்கின்றன.

வருமானப் பங்கை மட்டும் ஃபைல் அனுப்பும் முன்பே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். அடுத்த பாட்டுக்கு இருவரும் இடம் மாறி உட்காருங்கள்.