மரப்பலகையில் அக்ரிலிக்: ஒட்டி, பூசி, தேய்த்து எடுக்கும் ஓவியம்

என் அம்மா தையல் வேலை செய்தவர். அவருடைய அளவு நோட்டை வைத்து ஒரு ஓவியம் செய்ய நினைத்தபோதுதான் கான்வாஸை விட்டுவிட்டு மரப்பலகைக்கு வந்தேன். நோட்டுப் பக்கங்களை ஒட்ட வேண்டும், மேலே அக்ரிலிக் (தண்ணீரில் கலக்கும், காய்ந்தால் பிளாஸ்டிக் போல ஆகும் வண்ணம்) பூச வேண்டும், அப்புறம் அந்த வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்து, அடியில் இருக்கும் எண்களைப் பாதி தெரியும்படி வெளியே கொண்டுவர வேண்டும். கான்வாஸில் இதைச் செய்து பார்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் துணி உள்ளே அமுங்கியது. பின்னால் இருக்கும் சட்டத்தின் விளிம்பு மட்டும் கோடாகத் தேய்ந்து வந்தது. பலகை அமுங்காது. அதில் கீறலாம், சுரண்டலாம், பிடிக்காத இடத்தை உளி வைத்தே எடுத்துவிடலாம். பலகை ஓவியத்தில் பாதி வேலை பூசுவது, மீதி வேலை எடுப்பது என்றுதான் நான் செய்கிறேன். கீழே சொல்வதும் அந்த முறைதான்.

முதலில் பலகை. தொடங்குபவர்களுக்கு 30×40 செ.மீ. அளவில் 12 மி.மீ. பிளைவுட் போதும். மேல்பரப்பு பிர்ச் மரமாக இருந்தால் ரொம்ப நல்லது. அதன் ரேகை நெருக்கமானது, மேடுபள்ளம் குறைவு. ஒரே துண்டான மரப்பலகை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ரேகைக்குக் குறுக்காக விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். மோனலிசா பாப்லர் மரப்பலகையில் வரைந்த ஓவியம். அந்தப் பலகையே வளைந்திருக்கிறது, மேல்பக்கம் ஒரு விரிசலும் உண்டு. பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்து வைத்துக்கொள்ளும். எம்.டி.எஃப். (மரத்தூள் இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையும் பயன்படும், வழவழப்பாக, ரேகையே இல்லாமல் இருக்கும். ஆனால் விளிம்பில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், அதன் தூசும் நுரையீரலுக்குக் கெடுதல். எந்தப் பலகையைத் தேய்த்தாலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். 60 செ.மீ.க்கு மேல் போனால் மெல்லிய பிளைவுட்டை எடுத்து, பின்னால் மரச்சட்டம் ஒட்டிக்கொள்வது நல்லது.

அடுத்த படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன். என் முதல் பலகையில் நேரடியாக இரண்டு கோட் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) அடித்து, மேலே தடிமனாகக் கண்ணாடி போலத் தெளிவான அக்ரிலிக் ஜெல் போட்டேன். நான்கே நாளில் அந்த ஜெல் தேநீர் கொட்டியது போல மஞ்சளாகிவிட்டது. காரணம் எளிமையானது. அக்ரிலிக்கில் இருக்கும் தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, அங்குள்ள பழுப்பான சத்துகளைக் கரைக்கும். பூச்சு காயும்போது அந்தக் கறையும் தண்ணீரோடு மேலே ஏறிவிடும். கெட்டியான வண்ணத்தில் இது அவ்வளவாகத் தெரியாது, தெளிவான ஜெல்லில் அப்பட்டமாகத் தெரியும்.

அதனால் ஜெஸ்ஸோவுக்கு முன்னால் பலகையை மூட வேண்டும். அக்ரிலிக் மீடியத்தை, அதாவது நிறம் சேர்க்காத அக்ரிலிக் பசையை, மெல்லியதாக இரண்டு கோட் அடியுங்கள். ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். முன்பக்கம் மட்டும் போதாது. பின்பக்கம், நான்கு விளிம்புகள் என ஆறு பக்கமும் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மறுபக்கம் ஈரத்தைக் குடித்துப் பலகை கோணிக்கொள்ளும். ஒரு நாள் விட்டுவிட்டு ஜெஸ்ஸோ மூன்று கோட், ஒவ்வொரு முறையும் தூரிகையின் திசையை மாற்றி அடியுங்கள். கோட்டுகளுக்கு நடுவில் 220 நம்பர் உப்புத்தாள், கடைசியில் 400. மரத்தின் ரேகை தெரிய வேண்டிய இடங்களில் ஜெஸ்ஸோ வேண்டாம், மீடியமே அடித்தளமாக இருக்கட்டும். என் ஓவியத்தில் கீழ் ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மரத்தை அப்படியே விட்டேன், அம்மாவின் வெட்டு மேசை நினைவாக.

இனி ஒட்டும் வேலை. அசல் தாளை ஒட்டாதீர்கள். அம்மாவின் நோட்டு முழுக்கப் பால்பாயின்ட் பேனாவில் எழுதியது. அந்த மை வெளிச்சத்தில் மங்கும், மீடியம் பட்டால் பரவவும் செய்யலாம். பக்கங்களை லேசர் அச்சில், அதாவது டோனர் தூளால் அச்சிடும் இயந்திரத்தில், நகல் எடுத்தேன். டோனர் தண்ணீருக்குக் கரையாது. வீட்டில் இருக்கும் இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் கரையும். சந்தேகமாக இருந்தால் ஈர விரலால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும். செய்தித்தாளும் வேண்டாம், அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் தாளைச் சீக்கிரமே பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

ஒட்ட மேட் மீடியம் (பளபளப்பில்லாத மீடியம்) போதும். பலகையிலும் பூசுங்கள், தாளின் பின்புறமும் பூசுங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரலாலோ சின்ன ரோலராலோ தள்ளுங்கள். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மேலேயும் ஒரு பூச்சு. காற்றுக் குமிழ் தங்கிவிட்டால் பதற வேண்டாம். காய்ந்தபின் பிளேடால் சின்னதாகக் கீறி, உள்ளே மீடியத்தை விட்டு அழுத்திவிடலாம்.

தையலுக்கு வெட்டு வடிவம் வரைந்த மெல்லிய தாள் உங்களிடம் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். மீடியத்தில் நனைந்ததும் தாள் கிட்டத்தட்ட மறைந்துபோகும், கோடுகள் மட்டும் மரத்தின் மேல் நிற்கும். ஒரு கை வளைவு, ஒரு கழுத்து வளைவு, பக்கத்தில் ஒரு அம்புக்குறி. முதன்முறை அது என் கண் முன்னால் மறைந்தபோது தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றேன்.

தாளே இல்லாமல் எழுத்து மட்டும் வேண்டுமென்றால் டோனர் நகலின் அச்சுப் பக்கத்தில் ஜெல் மீடியம் பூசி, பலகையில் கவிழ்த்து ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, தாளை விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுங்கள். படம் இடவலம் மாறி வரும் என்பதால் எழுத்து இருந்தால் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட்டுக்கொள்ள வேண்டும்.

மேடுபள்ளத்துக்கு மாடலிங் பேஸ்ட், அதாவது கெட்டியான அக்ரிலிக் பசை. ஒரே தடவையில் அப்பினால் காயும்போது வெடிக்கும், மூன்று மி.மீ.க்குள் மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே எதையும் அழுத்திப் பதிக்கலாம். நான் அம்மாவின் பல்சக்கரத்தை உருட்டினேன், துணியில் புள்ளிக்கோடு போடுவார்களே, அதுதான். பேஸ்ட் மேல் வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. காய்ந்தபின் கருநீலத்தை நீர்க்கத் தேய்த்து, உடனே துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வண்ணம் தங்கும்.

வண்ணத்தைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். கடைசியில் எந்த நிறம் எட்டிப் பார்க்க வேண்டுமோ, அது முதலில் போக வேண்டும். நான் அடியில் மஞ்சள் ஓக்கர், அதன்மேல் ஒரு செம்மண் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் சாம்பல் கலந்த நீலம் போட்டேன். அடுக்குகள் மெல்லியதாக இருக்கட்டும். நீர்க்க வேண்டுமென்றால் தண்ணீரை அதிகம் சேர்க்காமல் மீடியம் சேருங்கள். தண்ணீர் மிகுந்தால் வண்ணத்தைப் பிடித்து வைக்கும் பசை குறைந்து, தேய்க்கும்போது பொடியாக உதிரும். இன்னொன்று, ஈர அக்ரிலிக்கின் பசை பால் போல வெளுப்பாக இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால் நிறம் சற்று அடர்ந்துதான் முடியும். கலக்கும்போதே ஒரு படி வெளிர்நிறமாகக் கலந்துகொள்ளுங்கள்.

இனி எடுக்கும் வேலை. கீற வேண்டுமென்றால் வண்ணம் ஈரமாக இருக்கும் சில நிமிடங்களுக்குள் தூரிகையின் பின்முனையால் கீறுங்கள். தேய்ப்பதற்கோ பொறுமை வேண்டும். அக்ரிலிக் அரை மணியில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கும். அப்போது உப்புத்தாள் போட்டால் ரப்பர் போல உருண்டு, அடித்தாளையும் சேர்த்துக் கிழிக்கும். இரண்டு நாள் விடுங்கள். பிறகு தண்ணீரில் பயன்படுத்தும் 400 நம்பர் உப்புத்தாளை நனைத்து, சின்ன வட்டங்களாக, அழுத்தாமல் தேய்த்து, நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். முதலில் நீலம் மெலியும், செம்மண் ஓரங்களில் வரும், பிறகு திடீரென்று ஒரு எண். என் பலகையில் முதலில் தெரிந்தது 14½. யாருடைய தோள் அளவோ, தெரியவில்லை. அங்கேயே நிறுத்தினேன். எங்கே நிறுத்துவது என்பதற்கு விதி சொல்ல என்னால் முடியாது. ஆனால் இன்னும் கொஞ்சம் தேய்க்கலாமே என்று தோன்றும் நேரத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் பார்ப்பது நல்லது, ஏனென்றால் போன எழுத்து திரும்பாது.

கரித்துண்டும் பென்சிலும் எந்த அடுக்கிலும் வரலாம். மேலே பூசுவதற்கு முன் ஃபிக்ஸேட்டிவ் (கரியைப் பிடித்து நிறுத்தும்) ஸ்பிரே அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கலங்கும். ஆயில் பேஸ்டல் மட்டும் கடைசிக்கு. அதன் எண்ணெயும் மெழுகும் முழுதாகக் காய்வதே இல்லை, மேலே போடும் அக்ரிலிக் பிடிக்காமல் உரிந்துவரும்.

இரண்டு வாரம் கழித்து வார்னிஷ், அதாவது ஓவியத்தைக் காக்கும் கடைசிப் பூச்சு. அதற்கு முன் பளபளப்பான சாஃப்ட் ஜெல் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். பின்னாளில் அழுக்கேறிய வார்னிஷைக் கழற்ற நேர்ந்தால் ஓவியம் பாதிக்கப்படாமல் இருக்கும். ஆயில் பேஸ்டல் இருந்தால் இந்தப் பூச்சை விட்டுவிட்டு, ஸ்பிரே வார்னிஷை மட்டும் அடியுங்கள். தூரிகை பட்டால் இழுத்துவிடும். புட்டியில் வரும் வார்னிஷைக் குலுக்காதீர்கள், நுரை அப்படியே காய்ந்து நிற்கும். மெதுவாகக் கலக்கி, மெல்லியதாக இரண்டு கோட் போதும்.

முடிந்த பலகைகளை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்காதீர்கள், குமிழ் பிளாஸ்டிக்கிலும் நேரடியாகச் சுற்றாதீர்கள். அக்ரிலிக் வெப்பத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும், குமிழின் வட்டங்களும் பதிந்துவிடும். நடுவில் சிலிக்கோன் பூசிய தாள் வையுங்கள். பலகையின் பின்புறத்தில் தேதி, அடுக்கிய வண்ணங்கள், ஒட்டிய தாள், வார்னிஷின் பெயர் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி வையுங்கள். என் பலகையின் பின்னால் அவற்றோடு இன்னொரு வரியும் இருக்கிறது: அம்மாவின் நோட்டு, 37ஆம் பக்கம்.