நைட்மேர்ல குதிரை எங்கருந்து வந்துச்சு?

இங்கிலீஷ் கூட்டு வார்த்தைய பார்த்ததும் நடுவுல வெட்டி, ரெண்டு துண்டுக்கும் இன்னைக்கு இருக்கற அர்த்தத்த போட்டு ஒட்டிடறோம், முக்கால்வாசி தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. கெட்ட கனவுக்கான நைட்மேர்ங்கற வார்த்தையவே எடுத்துக்கோங்க: நைட்னா ராத்திரி, மேர்னா பெண் குதிரை, அதனால கனவுல குதிரை வந்து மிதிக்கும்னு அந்த காலத்துல நம்புனாங்கன்னு ஒரு கதை சுத்திட்டே இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பொய்.

இந்த மேர் வேற. தூங்கறவங்க நெஞ்சு மேல ஏறி உக்காந்து மூச்சு முட்ட வைக்கற பேய்க்கு பழைய இங்கிலீஷ்ல இருந்த பேரு அது, நம்மாளுங்க அமுக்குவான் பேய்னு சொல்வாங்களே கிட்டத்தட்ட அதேதான். குதிரைக்கான வார்த்தை தனியா இருந்துச்சு, ரெண்டும் காலப்போக்குல தேஞ்சு ஒரே ஸ்பெல்லிங்ல வந்து நின்னுடுச்சு. சந்தேகமா இருந்தா பக்கத்து மொழிகள பாருங்க, இத நெறைய பேர் செய்யறதே இல்ல. ஸ்காண்டிநேவியாவோட பழைய மொழியான நார்ஸ்ல இந்த பேய் பேரு மரா, பிரெஞ்சுல கெட்ட கனவுக்கு கோஷ்மார், அதோட வால்லயும் இதே மார்தான், ஆனா பிரெஞ்சுல பெண் குதிரைக்கு ஜுமான்னு சம்பந்தமே இல்லாத பேரு.

உடனே சிலர் ஃபியூஸ்லிங்கற ஓவியர் 1781ல நைட்மேர்ங்கற பேர்லயே வரைஞ்ச ஓவியத்த ஆதாரமா தூக்கிட்டு வருவாங்க. தலை கீழ தொங்க மல்லாந்து கெடக்கற பொண்ணு, பின்னாடி திரைய விலக்கிட்டு முழி பிதுங்க எட்டிப் பாக்கற குதிரை. அட அந்த பொண்ணு நெஞ்சு மேல பேய் ஒண்ணு குந்தியிருக்கே, அத விட்டுட்டு குதிரைய பாத்தா எப்படி? வார்த்தை அந்த ஓவியத்துக்கு பல நூறு வருஷம் முன்னாடியே இருக்கு, பின்னாடி வந்த படம் அதோட பிறப்புக்கு சாட்சி ஆகாது.

பழைய புத்தகத்துல நைட்மேர்னு பார்த்தா கெட்ட கனவுன்னே படிக்கறதும் தப்புதான். சாமுவேல் ஜான்சன் 1755ல போட்ட இங்கிலீஷ் அகராதிலகூட ராத்திரில நெஞ்சு மேல பாரம் அழுத்தற மாதிரியான கோளாறுன்னுதான் இருக்கு, சும்மா கெட்ட கனவுங்கற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டுலதான் பரவுச்சு.

மாப்பிள்ளைக்கு சொல்ற பிரைட்குரூம்லயும் இதே கூத்துதான், அந்த குரூம் குதிரை லாயத்து வேலையாள் இல்ல. அந்த எடத்துல மொதல்ல இருந்தது 'குமா', பழைய இங்கிலீஷ்ல ஆம்பளன்னு அர்த்தம், அது வழக்கொழிஞ்சு போனதும் ஜனங்க தங்களுக்கு தெரிஞ்ச குரூம அந்த எடத்துல சொருகிட்டாங்க.