பெங்களூரில் ஸ்கூட்டரும் சைக்கிளும்: எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது

ஸ்கூட்டரை நிறுத்தும் முன் பலகையை முழுதாகப் படியுங்கள். சில தெருக்களில் ஒற்றைத் தேதிக்கு ஒரு பக்கம், இரட்டைத் தேதிக்கு மறுபக்கம். நேற்று நிறுத்திய இடமே இன்று அபராத இடமாகிவிடும். இரவு முழுக்க விடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள்.

பலகையே இல்லாவிட்டாலும் நடைபாதை, வளைவு, சந்திப்பு முனை, பாதசாரிக் கடவை, பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வாசல் எல்லாம் தடைதான். ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு வெளிப்பக்கம் இரண்டாம் வரிசையாக நிறுத்துவதும் அப்படியே. "ரெண்டே நிமிஷம்" என்பது சாக்கு, விதிவிலக்கல்ல. பழைய அபராதம் பாக்கி உண்டா என்று போலீஸ் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்; "பெங்களூரு ஒன்" என்ற அரசுச் சேவை மையத்திலும் கட்டலாம்.

மின்ஸ்கூட்டர் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். வேகத்தைக் கூட்டி மாற்றினால் அந்தச் சலுகை போய்விடும். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் வண்டியின் சான்றிதழைக் கேளுங்கள்.

மடக்கு சைக்கிளைப் பெங்களூரின் மெட்ரோ ரயிலான "நம்ம மெட்ரோ"வில் ஏற்றலாம்: கடைசிப் பெட்டி, 15 கிலோவுக்குள், மடித்தபின் 60×45×25 சென்டிமீட்டர். வாங்கும் முன் மடித்து அளந்துவிடுங்கள். 20 அங்குலச் சக்கரம் என்றால் பெரும்பாலும் இந்த அளவில் அடங்காது.