ஒரே இடம், எந்த ஃபில்டர்?

யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டி-817 அமெச்சூர் வானொலிக் கருவியில் கூடுதல் ஃபில்டருக்கு, அதாவது வேண்டிய அலைவரிசை அகலத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டிக்கு, இருப்பது ஒரே ஓர் இடம். குரல் மட்டுமே பேசுபவர் 2.3 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டருக்குச் செலவழிக்குமுன் யோசிக்கலாம். கருவியோடு வரும் ஃபில்டரின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஓரங்கள் செங்குத்தாகி, அருகிலுள்ள சத்தம் இன்னும் கூர்மையாக வெட்டுப்படும், அவ்வளவே.

மோர்ஸ் கேட்பவர் கதை வேறு. மாலையில் 7 மெகாஹெர்ட்ஸில் நான்கைந்து நிலையங்கள் ஒருசேரக் கீச்சிடும். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டால் வேண்டிய ஒலி தனித்து நிற்கும். 300 ஹெர்ட்ஸ் இன்னும் கறார். ஆனால் குமிழைச் சற்று வேகமாகத் திருப்பினால் நிலையத்தைத் தாண்டிப் போய்விடுவோம். புள்ளிகளும் ஒருவித ரீங்காரத்தோடு இழுபடும். என் ஓட்டு 500-க்கே. ஃபில்டர் போட்டதென்று சொல்லும் பழைய கருவியை வாங்கினால் மூடியைத் திறந்து, ஃபில்டர் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.