டிரையம்ப் டிஆர்6: கிராஸும் கிளட்சும் திரும்பத் திரும்பப் போகிறதா? எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "கிராஸ் மாற்றினேன், மறுபடியும் போய்விட்டது. கிளட்ச் செட் முழுசாகப் போட்டேன், கியர் இன்னும் உறுமிக்கொண்டுதான் விழுகிறது." டிரையம்ப் டிஆர்6 வைத்திருப்பவர்களிடம் இதை நிறையவே கேட்கலாம். கிராஸ் என்பது, சுழலும் ஷாஃப்டுகள் கோணம் மாறினாலும் சுற்ற விடும் சிலுவை வடிவ மூட்டு (யுனிவர்சல் ஜாயின்ட்). ஒரே பாகம் இரண்டாவது முறையும் போனால், அந்தப் பாகத்தைக் கெடுப்பது வேறு ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு புதுசாக வாங்கிப் போடுவதில் பயனில்லை. இந்த வண்டியில் அந்த "வேறு ஏதோ ஒன்று" எங்கெங்கே இருக்கும் என்பதை, கராஜுக்குப் புதியவர்களும் பார்க்கும்படி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். டிஆர்6 இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1968 முதல் 1976 வரை தயாரானது. 2498 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். ஆனால் அடியில் இருக்கும் சேஸி, அடிப்படையில் 1965-இல் வந்த டிஆர்4ஏ-வுக்காகச் செய்தது. அது நாலு சிலிண்டர் வண்டி. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் அப்போதுதான் டிஆர் வரிசைக்கு வந்தது. அப்புறம் பெரிய இன்ஜினைத் தூக்கி அதே சேஸியில் வைத்தார்கள். கீழே நாம் பார்க்கப்போகும் பல கோளாறுகளுக்கு இந்தக் கூடுதல் இழுவைதான் வேர்.

அடியில் போவதற்கு முன்

சமதளமான சிமெண்டுத் தரை வேண்டும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கிய பிறகு சேஸியின் கீழே ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது அடியில் தலை வைக்கவே கூடாது.

ஒரு நோட்டும் வேண்டும். எந்தப் பாகம், எத்தனை கிலோமீட்டரில் போனது, போவதற்கு முன் என்ன சத்தம் வந்தது என்று எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். உடைந்த முகத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

படி 1: சத்தத்தைப் பிரியுங்கள்

வண்டி நகரத் தொடங்கும்போதோ, ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதோ "டங்" என்று ஒரே ஒரு அடி விழுந்தால், எங்கோ ப்ளே (தளர்வான ஆட்டம்) இருக்கிறது. அது கிராஸாக இருக்கலாம், டிஃப்ரென்ஷியலை (இன்ஜின் இழுவையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேஸியில் தாங்கும் மவுண்டாகவும் இருக்கலாம்.

வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டியின் பின்பக்கம் சட்டென்று ஒரு துள்ளு துள்ளினால், ஹாஃப் ஷாஃப்டின் (டிஃப்ரென்ஷியலிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் தண்டு) ஸ்ப்லைன், அதாவது ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் வரிசை, ஒட்டிக்கொள்கிறது.

நியூட்ரலில் கிளட்சை மிதிக்காதபோது கரகரப்பு இருந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங்கையோ லே ஷாஃப்டையோ (அதன் உள்ளே இருக்கும் துணைத் தண்டு) சந்தேகப்படுங்கள். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங் (கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் பேரிங்).

முதல் கியரும் ரிவர்ஸும் உறுமிக்கொண்டு விழுந்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. இதற்கு இந்த வண்டியில் தனிக்கதையே உண்டு. படி 5-இல் வருகிறது.

படி 2: டிஃப்ரென்ஷியல் மவுண்ட்

நேரம் இருப்பதே கொஞ்சம் என்றால் இந்த ஒரு இடத்தையாவது பாருங்கள். டிஆர்6-இன் டிஃப்ரென்ஷியல் சேஸியிலிருந்து இறங்கும் நாலு பின்களில், மேலும் கீழும் ரப்பர் புஷ் வைத்துத் தொங்குகிறது. அந்தப் பின்கள் தகட்டுப் பிராக்கெட்டில் வெல்டிங் செய்யப்பட்டவை. இவற்றில் முன்பக்க வலது பின்தான் வழக்கமாக முதலில் விடும்.

அது ஏன் வலது? வண்டி முன்னால் போக சக்கரங்களைச் சுற்றும்போது, எதிர்விசை டிஃப்ரென்ஷியலின் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். அதே நேரம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர் பாக்ஸிலிருந்து டிஃப்ரென்ஷியலுக்கு வரும் நீண்ட தண்டு) முறுக்கு அதன் வலது பக்கத்தை மேலே திருப்பப் பார்க்கும். இரண்டு விசையும் ஒன்றாகச் சேர்கிற மூலை முன் வலதுதான். ஒவ்வொரு முறை கிளட்சை விடும்போதும் அந்தத் தகடு ஒரு இழுப்பு வாங்குகிறது. ஐம்பது வருஷமாக இப்படி வாங்கிய தகடு விரிசல் விடுவதில் ஆச்சரியமில்லை.

பார்க்கும் முறை: இன்ஜினை நிறுத்தி, வண்டியை ஸ்டாண்டில் வைத்து, கம்பி பிரஷ்ஷால் அந்த மூலையை வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விரிசல் தெரியவே தெரியாது. பின்னின் மேல்பகுதியைப் பார்க்கச் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வேண்டும். பின்னைச் சுற்றி முடி போல ஒரு கோடு, அதன் ஓரத்தில் செம்பழுப்பாகத் துருத்தூள் இருந்தால், இரண்டு இரும்பு முகங்கள் உரசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் கடப்பாறையை டிஃப்ரென்ஷியல் மூக்குக்கும் சேஸிக்கும் நடுவே கொடுத்து மெதுவாக நெம்புங்கள். ரப்பர் அமுங்கினால் பரவாயில்லை. தகடே பின்னோடு சேர்ந்து எழும்பி, அந்தக் கோடு திறந்து மூடினால் சந்தேகம் தீர்ந்தது.

கிராஸ் திரும்பத் திரும்பப் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மூக்கு எழும்பி எழும்பி விழும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. அந்த அடி கிராஸின் ஊசி பேரிங்குகளில்தான் போய் விழும். மவுண்டைச் சரிசெய்யாமல் எத்தனை நல்ல கிராஸ் போட்டாலும் அதே கதிதான்.

இதைச் சரிசெய்வது புதியவர் வேலை இல்லை. டிஃப்ரென்ஷியலை இறக்கி, விரிசலைத் தேய்த்துத் திறந்து வெல்டிங் செய்து, பிராக்கெட்டைச் சுற்றிக் கூடுதல் தகடு வைத்துப் பெட்டி போல அடைக்க வேண்டும். விரிசல் வலதில் மட்டும் இருந்தாலும் இடது பக்கத்தையும் சேர்த்தே பலப்படுத்தச் சொல்லுங்கள். இன்னொன்றை மறக்கக் கூடாது: இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கிட்டத்தட்ட டிஃப்ரென்ஷியலுக்கு மேலேயே இருக்கிறது. டேங்கை வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைக்காமல் அங்கே வெல்டிங் நெருப்பு படக் கூடாது. "கொஞ்சம்தானே, ஈரத்துணி போட்டுக்கலாம்" என்று சொல்லும் வெல்டரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

படி 3: கிராஸ்கள்

மொத்தம் ஆறு. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் இரண்டு, இரண்டு ஹாஃப் ஷாஃப்டிலும் இரண்டிரண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். இன்னொரு கை கிராஸின் மேலேயே இருக்கட்டும். கிராஸின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் கிராஸ் போய்விட்டது. கிராஸ் இறுக்கமாக இருந்து, டிஃப்ரென்ஷியலின் உள்ளே ஒரு "டிக்" கேட்டால் அது கிரவுன் வீல், பினியன் இடையே உள்ள ப்ளே. கொஞ்சம் ப்ளே அங்கே இருக்கத்தான் செய்யும்.

கிராஸின் நுனிகளை மூடும் கப்பின் ஓரத்தில் சிவப்புத் தூள் கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. கழற்றிய கிராஸின் தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள். ஊசிகள் பதிந்து கோடு கோடாகத் தட்டுப்படும். நாலு தண்டிலும் ஒரே மாதிரி பதிந்திருந்தால் வயசு அல்லது கிரீஸ் குறைவு. ஒரு ஜோடியில் மட்டும் ஆழமாக இருந்தால் கோணத்தையும் மவுண்டையும் மறுபடி பாருங்கள்.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் டிரையம்ப் குடும்பம்தான். அதில் கை வைத்த மூத்த மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருந்தால், கிராஸ் அடித்து இறக்குவதை அவரிடம் ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பை வைஸில் அழுத்தும்போது ஒரு ஊசி குறுக்கே விழுந்தால் சர்க்லிப் (கப்பைப் பிடித்து வைக்கும் வளையம்) பள்ளத்தில் உட்காராது. அடித்து உட்கார வைத்தால் புது கிராஸ் அங்கேயே செத்தது.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்லைடிங் பகுதியைப் பிரிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் குறி போடுங்கள். திரும்பச் சேர்க்கும்போது இரு முனைகளின் யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மாறிப்போனால் வேகத்தில் அதிர்வு வரும், கிராஸும் சீக்கிரம் போகும். புதிதாக வாங்கும்போது, கிரீஸ் நிப்பிளுக்காக நடுவில் துளை போட்டதைவிடத் துளையில்லாத, கிரீஸ் அடைத்தே வரும் கிராஸ் பலமானது. டிஆர்6-இன் ஹாஃப் ஷாஃப்டுக்கு நான் அதையே சொல்வேன்.

படி 4: ஸ்ப்லைனும் ஹப்பும்

ஹாஃப் ஷாஃப்ட், சக்கரம் ஏறி இறங்கும்போது நீண்டு சுருங்க வேண்டும். அதற்குத்தான் ஸ்ப்லைன். காய்ந்துபோனால் இழுவை இருக்கும்வரை ஒட்டிக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விட்டதும் சட்டென்று விடுபடும். அந்தத் துள்ளல் இதனால்தான். அந்த அடியும் கிராஸுக்கும் மவுண்டுக்கும் போகிறது.

பின் டிரம்மைக் கழற்றி, டிஃப்ரென்ஷியல் பக்கம் நாலு நட்டையும் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பக்கம் ஆறு நட்டையும் எடுத்தால் ஷாஃப்ட் முழுசாக வெளியே வந்துவிடும். ஸ்ப்லைனைப் பிரித்து, பழைய கிரீஸைக் கழுவி, பல்லின் ஓரத்தில் படி போலத் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் பாருங்கள். படி இருந்தால் கிரீஸ் போட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டும். இல்லையென்றால் மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் தடவி, கிழியாத ரப்பர் பூட் போட்டு மூடுங்கள்.

அந்த ஆறு நட்டுகள் ஏறும் ஸ்டட்கள் அலுமினியம் டிரெயிலிங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) இறங்குபவை. பலத்தைக் காட்டினால் மரை பிய்ந்து வரும். டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி ஹப்பில் ப்ளே இருந்தால், அதை வீட்டில் பிரிக்காதீர்கள். ஹப் டேப்பரில் மிக இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், அதற்கென்றே செய்த புல்லர் வேண்டும். உள்ளே இருக்கும் பழைய ஸ்டப் ஆக்சில் (சக்கரத்தைச் சுமக்கும் குட்டைத் தண்டு) ஓட்டத்தில் முறிந்தால் சக்கரமே கழன்றுவிடும்.

படி 5: கிளட்ச் பிரியாமல் இருந்தால்

பெடலை ஒருவர் மிதிக்க, நீங்கள் வண்டிக்குப் பக்கத்தில் இருந்து ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலின் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை இயக்கும் சிலிண்டர்) தண்டைப் பாருங்கள். அரை அங்குலத்துக்குக் குறைவாக நகர்ந்தால் காற்று, கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பெடல் பின் தேய்மானம். இதெல்லாம் செலவு குறைந்த வேலை. அந்தத் தண்டு தள்ளும் கிராஸ் ஷாஃப்ட் (கிளட்ச் ஃபோர்க்கைத் திருப்பும் குறுக்குத் தண்டு; மேலே சொன்ன கிராஸ் அல்ல) லீவரில் மூன்று துளை இருக்கும், தண்டு நடுத்துளையில் இருக்க வேண்டும்.

தண்டு நன்றாக நகர்கிறது, ஆனாலும் கிளட்ச் பிரியவில்லை என்றால், ஃபோர்க்கை (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவை) கிராஸ் ஷாஃப்டோடு பிடித்திருக்கும் டேப்பர் பின் முறிந்திருக்கலாம். தலையில் பூட்டுக்கம்பி கட்டிய சின்னப் போல்ட் அது. நுனி முறிந்து துளைக்குள்ளேயே நிற்கும், தலை மட்டும் இறுக்கமாக இருக்கும். அதனால் வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். கிளட்ச் செட்டை மாற்றியும் கோளாறு தீராததற்கு இதுவும் ஒரு காரணம்: கியர் பாக்ஸ் இறங்கியிருந்தபோது யாரும் அந்தப் பின்னைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டிஆர்6-இல் கியர் பாக்ஸ் மேலே, வண்டிக்குள்ளே வழியாகத்தான் வரும். சீட், கார்ப்பெட், நடுவில் உள்ள டன்னல் மூடி எல்லாம் கழற்ற வேண்டும். அவ்வளவு வேலை செய்த பிறகு பழைய பின்னையே போட்டுவிட்டு மூடாதீர்கள். புதுப் பின் போடுங்கள், ஃபோர்க்கின் துளை முட்டை வடிவமாகியிருக்கிறதா பாருங்கள், ஷாஃப்டின் இரு முனை புஷ்களையும் மாற்றுங்கள். புஷ் தேய்ந்து ஷாஃப்ட் சாய்ந்து நின்றால் புதுப் பின்னும் முறியும். ஃபோர்க்கும் ஷாஃப்டும் சேருமிடத்தில் குறுக்கே இன்னொரு துளை போட்டு இரண்டாவது போல்ட் வைப்பது டிஆர் ஆட்களிடம் நன்கு பழகிப்போன வழக்கம். நானும் அதையே பரிந்துரைப்பேன்.

அதற்கும் முன்னால், இன்ஜினை நிறுத்திவிட்டு, அதன் முன்பக்கத்தில் உள்ள கிரேங்க் புல்லியைப் பார்த்துக்கொண்டே ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் நிறுத்துங்கள். கிரேங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஓடாமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. மேனுவல் சொல்லும் ப்ளே 0.15 முதல் 0.20 மி.மீ. மட்டுமே. டயல் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். இந்த வாஷர்கள் அரைவட்டத் துண்டுகள், மிகவும் தேய்ந்தால் கழன்று ஆயில் சம்ப்பில் விழும். பிறகு கிரேங்க், பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். கிரேங்க் முன்னால் ஓடுவதால் கிளட்சின் நகர்வும் குறையும், ஆக ஒரே குறை கிளட்ச் கோளாறு போலவும் வேஷம் போடும். சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்பது இந்த வாஷரைத் தின்னும், நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுங்கள்.

படி 6: ஆயில்

டிஃப்ரென்ஷியலுக்கு ஹைப்பாய்டு ஈபி90. கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 வகை. ஜிஎல்-5-இன் சேர்மானங்கள் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. ஓவர்டிரைவ் (கியர் பாக்ஸோடு சேர்ந்த கூடுதல் வேக கியர்) உள்ள வண்டியில் அதுவும் கியர் பாக்ஸின் ஆயிலையேதான் குடிக்கிறது, எனவே லெவல் குறைந்தால் முதலில் அதுவே மக்கர் செய்யும். ஓவர்டிரைவ் விடுபடாமல் சிக்கிக்கொண்டது தெரிந்தால் ரிவர்ஸ் போடவே வேண்டாம், உள்ளே நொறுங்கிவிடும். வண்டியைத் தள்ளி நகர்த்துங்கள்.

படி 7: ஓட்டிப் பார்த்த பிறகு

வெல்டிங் செய்த இடத்தில் தடித்த கறுப்பு அண்டர்சீல் அடிக்க விடாதீர்கள். வெளிர் நிறத்தில் மெல்லிய பெயிண்ட் போதும், மறுபடி விரிசல் விட்டால் பெயிண்டிலேயே கோடு தெரியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, நாலு டிஃப்ரென்ஷியல் பின்களின் நட்டையும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஹாஃப் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். நைலான் உள்ள நட்டைக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். "டங்" சத்தம் அப்போதும் இருந்தால் கிராஸ் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம், கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு முன் வலது மூலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.