ஸூமரில் 150 சி.சி. எஞ்சின் பூட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கல்லடியில் ஒரு தம்பி, தாம் மாற்றியமைத்த ஹொண்டா ஸூமர் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து காட்டினார். 49 சி.சி. எஞ்சின் இருந்த இடத்தில் ஜிவை6 வகை 150 சி.சி. எஞ்சின் பூட்டப்பட்டிருந்தது, வெல்டிங் வேலையும் நேர்த்தியாக இருந்தது. ஆனால் சிலிண்டரை மூடும் கறுப்புப் பிளாஸ்டிக் உறையைக் காணவில்லை. நான் செய்த அதே தவறு என் கண்முன்னே நின்றது. நட்டை இறுக்குங்கள், ஒயிலைப் பாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை என்பதால் நேரே இதற்கு வருகிறேன்.

விசிறி உறையைக் கழற்றுவது

ஸூமரின் சொந்த எஞ்சின் ரேடியேட்டர் உள்ளது; நீரால் குளிர்வது. ஜிவை6 காற்றால் குளிர்வது. அதன் வலப்பக்கத்தில் ஃப்ளைவீலோடு சேர்ந்து சுழலும் விசிறி தள்ளும் காற்றை, அந்த உறைதான் சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றிக் கொண்டுபோய்க் கீழே வெளியேற்றுகிறது. உறை இல்லாவிட்டாலும் விசிறி சுழலும், ஆனால் காற்று நாலாபக்கமும் சிதறிப்போகும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று படுமே என்பார்கள். சிலிண்டர் ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கைக்குக் கீழே ஒளிந்திருப்பதால், அந்தக் காற்று அங்கே போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. நெரிசலில் நிற்கும்போதோ அதுவும் இல்லை.

சட்டகம் மட்டும் தெரியும் வண்டிக்குப் பிளாஸ்டிக் அழகில்லை என்று நானும் அதைக் கழற்றி எறிந்தேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வழியில், காத்தான்குடியில் பேரீச்ச மரங்கள் நிற்கும் பிரதான வீதியின் மாலை நெரிசலைக் கடந்து ஆரையம்பதியை நெருங்கியபோது கருகிய ஒயில் மணம் வந்தது. அடுத்த நிமிடம் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, பிஸ்டனின் பக்கங்களில் நகம் சிக்குமளவு ஆழமான கோடுகள் நீளவாக்கில் ஓடியிருந்தன. அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். இடைவெளி அடைபட்டு ஒயில் படலம் அறுந்தால் நேர்வது இதுதான்.

என்னை இன்றுவரை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. கார்புரேட்டரில் பெற்றோல் குறைவாக வருகிறது என்று நானும் மெக்கானிக் பாஸும் முடிவுகட்டி, புதிய சிலிண்டரும் பிஸ்டனும் வாங்கிப் போட்டு, கார்புரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் துளையான ஜெட்டையும் பெரிதாக மாற்றி, உறை இல்லாமலேயே மறுபடி ஓட்டினோம். சில வாரங்களில் இரண்டாவது பிஸ்டனும் போயிற்று. பெற்றோல் குறைந்த கலவையும் எஞ்சினைச் சூடாக்கும் என்பது உண்மையே; ஆனால் மேசையின் கீழ் கிடந்த உறையை நாங்கள் இருவரும் ஒருதரமேனும் எடுத்துப் பார்க்கவில்லை.

சட்டகத்தில் முட்டுகிறது என்று உறையின் ஓரத்தை வெட்டுவதும் ஏறக்குறைய இதே கேடுதான். பிளக் வயர் நுழையும் துளையிலுள்ள இறப்பரைத் தொலைத்துவிட்டாலும் அவ்வழியே காற்று கசியும். எஞ்சினை ஓடவிட்டு, உறையின் கீழ் வாயருகே ஒரு பத்திரிகைத் துண்டைப் பிடியுங்கள். அது நன்றாகப் படபடக்க வேண்டும். வெறுமனே அசைந்தால் வண்டியை வீதிக்கு எடுக்காதீர்கள்.

சக்கரங்களின் நேர்கோடு

எஞ்சின் தாங்கியை வெல்டிங் செய்யுமுன் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நூல் பிடித்துப் பாருங்கள். ஒட்டியபின் பார்த்தால் வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

பிரேக்

ஸூமரின் இரு சக்கரங்களிலும் இருப்பது 49 சி.சி.க்கான ட்ரம் பிரேக். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பூட்டாமல் ஓட்டாதீர்கள்.

சிடிஐ

ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் அனுப்பும் சிறு பெட்டி இது. இதில் ஏசி மின்சார வகையும் டிசி மின்சார வகையும் வேறு. வயர் சொருகும் இடம் பொருந்துவதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

வாகனப் புத்தகம்

எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் அதில் உள்ளன. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் கேளுங்கள். எஞ்சினைப் பிறகு வாங்குங்கள்.